மணலில் படுத்த கொடிகள்

சிந்த்ரா ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் டிராம் 1904இல் ஓடத் தொடங்கியது. சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் மலைச்சரிவில் பைன் மரங்களுக்கும் பெரிய வீட்டு மதில்களுக்கும் நடுவே கிறீச்சிட்டபடி இறங்கி, கொலாரிஷ் என்ற சிற்றூரைத் தாண்டி, கடல் கண்ணில் படுவதற்குள் காற்றின் சூடு எப்படிப் படிப்படியாக இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள, பக்கவாட்டில் திறந்து கிடக்கும் அந்த மரப்பெட்டிதான் சரி.

லிஸ்பனில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் கூட வந்திருந்தான். செப்டம்பர் தொடக்கம், நகரத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கிளம்பும்போதே, "ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க மாமா, அங்க தேவைப்படும்" என்றான். ப்ரையா தஷ் மசான்ஷ் கடற்கரையில் இறங்கியதும் அதற்கு வேலை வந்துவிட்டது. லிஸ்பனுக்கும் இந்தக் கரைக்கும் ஒரு நாள் நடை தூரம்தான். வெப்பத்தில் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும்போல் தோன்றியது. மலை முகட்டில் மூட்டம் கவிந்திருந்தது. காற்று நின்றபாடில்லை.

இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. கோடை முழுக்க போர்ச்சுகல் கரையை ஒட்டி வடக்கிலிருந்து காற்று அடிக்கிறது. பூமியின் சுழற்சியோடு சேர்ந்து அது கடலின் மேல்நீரை மேற்கே தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து சில்லிட்ட நீர் மேலே வரும். ஆகஸ்டிலும் இங்கே கடல்நீர் 20 டிகிரியைத் தொடுவது அரிது. அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று சிந்த்ரா மலையில் முட்டி மூட்டமாகிறது. உள்நாட்டில் அலென்தெஜு சமவெளி 40 டிகிரியில் கொதிக்கும் நாளிலும் இந்த மேற்கு முனை இப்படித்தான் இருக்கும். ஐரோப்பியக் கண்டத்தின் மேற்குக் கோடியான காபோ த ரோகா இங்கிருந்து பக்கம்.

நான் வந்தது காபோ த ரோகாவில் நின்று படம் எடுத்துக்கொள்ள அல்ல. இந்தக் கரை மணலில் விளையும் ரமிஷ்கோ என்ற கறுப்புத் திராட்சையையும், அதிலிருந்து இறங்கும் சிவப்பு ஒயினையும் பார்க்க. ஒயின் பக்கம் போகாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இதில் பாதிக்கு மேல் விவசாயம்தான்.

கடற்கரையிலிருந்து அசேன்யஷ் து மார் பக்கம் நடந்தோம். சாலையோரம் வெள்ளையடித்த வீடுகள், நடுநடுவே நாணல் படல் கட்டிய மணல் துண்டுகள். "தோட்டம் எங்க மாமா?" என்றான் தங்கை மகன். அவன் நின்றுகொண்டிருந்ததே தோட்டத்து ஓரத்தில்தான். திராட்சைத் தோட்டம் என்றால் கம்பி கட்டி வரிசையாக நிற்கும் என்று நினைப்போம். இங்கே எதுவும் நிற்கவில்லை. கணுக்கை பருமனுள்ள முறுக்கிய அடிமரங்கள் மணலோடு மணலாகப் படுத்து நாலாபக்கமும் நெளிந்து கிடந்தன. இடுப்பளவு உயரத்தில் காய்ந்த நாணலை நெருக்கமாக நட்டுக் கட்டிய படல்கள், தோட்டத்தைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்திருந்தன. சில இடங்களில் படலுக்குப் பதில் கல் அடுக்கிய சுவர். நடுவில் ஆங்காங்கே ஆப்பிள் மரங்கள். அவையும் காற்றுக்குப் பயந்து குட்டையாகக் குந்தியிருந்தன.

படலுக்கு அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் எழுபதைத் தாண்டியவர். உள்ளே வரச் சொன்னார். அவர் போர்ச்சுகீசியத்தில் சொல்ல, "தாத்தா சொல்றாரு மாமா..." என்று தொடங்கித் தங்கை மகன் எனக்குச் சொன்னான். படலுக்குள் கால் வைத்ததும் காற்று நின்றுவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. மணல் நல்ல சூடு. கொடியின் கிளைகளுக்குக் கீழே ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீள நாணல் துண்டுகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கோடை முற்றும்போது குலைகள் மணலில் பட்டு வெந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. ரொம்ப உயர்த்திவிட்டாலும் ஆகாது, காற்று வந்து அடிக்கும். மணலின் சூடும் எட்டாது. பகலில் மணல் வாங்கிய வெப்பம் மூட்டம் கவிந்த மாலையிலும் கீழிருந்து குலையில் படுகிறது. இந்த ஒன்றரைச் சாண் இடைவெளியில்தான் ரமிஷ்கோ பழுத்தாக வேண்டும்.

ஒரு குலையைத் திருப்பிக் காட்டினார். சிறிய, நெருக்கமான குலை. நீலம் பாய்ந்த கறுப்புப் பழங்கள், மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம், அதில் ஒட்டிய மணல். ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். தோல் தடிமன், கடித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகிறது. உள்ளே சதை சொற்பம், விதை பெரிது. இனிப்பு வருவதற்கு முன்பே புளிப்பு வந்துவிட்டது. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரமாவது இருக்கிறது என்றார். சில வருடம் அக்டோபர்வரை இழுத்துவிடுமாம். கடலைப் பார்த்த பக்கத்து இலைகளின் ஓரம் தீய்ந்து பழுப்பேறியிருந்தது. உப்புக் காற்றின் வேலை.

மணலில் எப்படி நீர் என்று கேட்டேன். நீர் பாய்ச்சுவதே இல்லை. மணலுக்கு அடியில் களிமண் இருக்கிறது. குளிர்கால மழையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஓரிடத்தில் ஆள் உயரம் தோண்டினால் களிமண் வரும், இன்னோரிடத்தில் மூன்று ஆள் உயரம் தோண்ட வேண்டும். புதுத் தோட்டம் போடுகிறவர்கள் களிமண் தட்டும்வரை பள்ளம் வெட்டி, கொடித்துண்டை அந்தக் களிமண்ணில் ஊன்றி, அது வளர வளர மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடிவருவார்கள். மண்வெட்டிக் காலத்தில் இது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. மணற்சுவர் சரிந்தால் உள்ளே இருப்பவர் புதைந்துபோவார். அதனால் பள்ளத்தில் இறங்குகிறவர் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவாராம். மணல் மூடினாலும் கூடைக்குள் இருக்கும் காற்றில், தோண்டி எடுக்கும்வரை மூச்சு விடலாம். இப்போது இயந்திரம் வெட்டுகிறது. பெரியவர் தன் தகப்பனார் கூடை போட்டு இறங்கியதைப் பார்த்திருக்கிறாராம். இரண்டு கையையும் தலைக்கு மேல் கவித்துக் காட்டிவிட்டு, அடுத்த கொடிக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டார்.

இவ்வளவு பாடுபட்டு மணலில் ஏன் நட வேண்டும்? இதற்குப் பதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பில்லாக்ஸெரா என்ற நுண்பூச்சி 1860களிலிருந்து ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கு எதுவும் தப்பவில்லை. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள். இன்று உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் இரவல் வேரில் நிற்பவை. பூச்சிக்கு மணலில் ஊர்ந்து வழி உண்டாக்கத் தெரியாது. கொலாரிஷ் மணல் அதை வேரருகே விடவில்லை. ரமிஷ்கோ இன்றும் சொந்த வேரில் வளர்கிறது. பதியம் போட்டும் துண்டு நட்டும் பெருக்குகிறார்கள்.

மற்ற ஊர்களெல்லாம் அழிந்து கிடந்தபோது இந்த ஊர் ஒயினுக்குக் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறினால் போலியும் வரும். 1908இல் கொலாரிஷைத் தனி ஒயின் வட்டாரமாக எல்லை வகுத்து அறிவித்தார்கள். மணல் நிலத்தில் விளைந்ததற்கு ஒரு மதிப்பு, உள்ளே தள்ளி இருக்கும் கெட்டி நிலத்தில் விளைந்ததற்கு வேறு மதிப்பு. அதுவே இன்றைக்கும் நடைமுறை.

கடற்கரைத் தோட்டம் என்றால் "கடல் உப்பு ஒயினில் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதிவிடுவது ஒயின் எழுத்தாளர்களின் வழக்கம். எனக்கு அந்த வரியில் பாதி நம்பிக்கைதான். வேர் மண்ணிலிருந்து கனிமத்தை உறிஞ்சி அப்படியே மணமாகவும் ருசியாகவும் கோப்பையில் கொண்டுவந்து கொட்டுவதில்லை என்பதில் மண்ணறிவியல் படித்தவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் உப்பு விஷயத்தில் கொஞ்சம் இடமிருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு பழத்தோலில் படிகிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுப்பார்கள். சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்தே நொதிக்கும். அதனால் தோலில் இருப்பது தொட்டிக்குள் போகத்தான் செய்யும். ஆனால் ரமிஷ்கோவை ரமிஷ்கோவாக்கும் அளவுக்கு அது பெரிய சங்கதி இல்லை. இந்தக் கரையில் கடல் செய்யும் பெரிய வேலை பிடுங்கிக்கொள்வது. வெயிலைப் பிடுங்குகிறது, அதனால் பழத்தில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். கொடியின் உயரத்தைப் பிடுங்குகிறது. விளைச்சலைப் பிடுங்குகிறது. சர்க்கரை நொதித்துத்தானே ஆல்கஹால் ஆக வேண்டும்? உள்நாட்டு ஒயின்கள் 14 சதவீதத்தைத் தாண்டும்போது இது 12ஐ ஒட்டியே நின்றுவிடும். மிச்சம் இருப்பது சின்னப் பழம், தடித்த தோல், பெரிய விதை. துவர்ப்பெல்லாம் தோலிலும் விதையிலும் காம்பிலும்தான் இருக்கிறது.

எல்லாக் கடலும் இப்படிச் செய்வதில்லை. பிரான்ஸின் தென்கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி பாந்தோல் இருக்கிறது. அங்கே விளையும் முர்வெத்ர் நிறைய வெயில் கேட்கும் திராட்சை. அங்கத்திய கடல் இதமான சூட்டை நீட்டித்துக் கொடுக்க, அது நன்றாகப் பழுத்து 14 சதவீத ஒயினாகிறது. கலிஃபோர்னியாவின் சொனோமா கரையில் கடல் மூட்டத்துக்கு மேலே, மலை முகட்டில் திராட்சை போட்டிருக்கிறார்கள். கீழே மூட்டம், மேலே வெயில். போர்தோவின் மெதோக்கில் கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பெரிய பைன் காடு நின்று காற்றைத் தாங்குகிறது. கொலாரிஷுக்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் இல்லை. நாணல் படல் ஒன்றுதான்.

இப்படி அரைகுறையாகக் கடல் விட்டுவைத்த பழத்தை ஒயினாக்குவது ஆளுடைய வேலை. கொலாரிஷ் ஊருக்குள் 1931இல் தொடங்கிய கூட்டுறவு ஒயின் கூடம் இருக்கிறது, அதேகா ரெஜியோனல். நீளமான உயரக்கூரைக் கட்டடம். இருபுறமும் ஆளைவிட உயரமான மரத் தொட்டிகள் இருட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. பிரேசில் காடுகளின் கடினமரத்தில் செய்தவை, பல பத்தாண்டுப் பழையவை. உள்ளே நுழைந்ததும் ஈரமரமும் புளித்த பழமும் கலந்த ஒரு நெடி. தொட்டி ஒன்றின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன். மரம் சில்லென்று வழவழத்திருந்தது. பலகை இடுக்குகளில் ஊதாக்கறை காய்ந்து பாசி போல் பிடித்திருந்தது.

ஏன் பழைய, பெரிய தொட்டி? விஷயம் இங்கேதான் இருக்கிறது. புது ஓக் பீப்பாய் ஒயினுக்கு வெனிலா மணத்தையும் தன் பங்குத் துவர்ப்பையும் சேர்க்கும். ஏற்கெனவே துவர்ப்பில் மூழ்கியிருக்கும் ரமிஷ்கோவுக்கு அது வேண்டாத சீர். பழைய மரம் எதையும் சேர்க்காது; பலகை வழியாகக் காற்றை மட்டும் சன்னமாக விடும். அந்தக் காற்றில் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று கோத்து நீளமாகி, நாக்கில் அறுப்பதை மெல்ல விடும். பழத்தின் கூர்மையான மாலிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் மிருதுவான லாக்டிக் அமிலமாக மாற்றுவதும் தொட்டியில்தான் நடக்கிறது. மணல் நிலச் சிவப்பு ஒயின் மரத்தில் 18 மாதமும் பாட்டிலில் 6 மாதமும் இருந்தாக வேண்டும் என்பது விதி. விதி சொல்வது குறைந்தபட்சம். நல்ல கை அதற்கு மேல் பல வருடம் விட்டுவைக்கும்.

இளம் ஒயினையும் பத்து வயது தாண்டிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். இளசு நல்ல மாதுளைச் சிவப்பு. மூக்குக்குச் செர்ரிப் பழம், கொஞ்சம் பிசின். வாயில் வைத்ததும் தங்கை மகன் முகத்தைச் சுளித்தான். "கொட்டைப்பாக்கை மென்ன மாதிரி இருக்கு மாமா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" அவன் சொன்னதில் தப்பில்லை. நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் காய்ந்து இழுத்துக்கொண்டது. பின்னாலேயே புளிப்பு வந்து எச்சில் ஊற வைத்தது. ஒரு வாய்க்கு மேல் அவன் தொடவில்லை.

அடுத்த கிளாஸ் வெளிறிய செங்கல் நிறம். அடியில் வைத்த விரல் தெரிந்தது. மணம் முற்றிலும் வேறு: காய்ந்த ரோஜா, தேவதாரு, ஈரத்தரைக் காளான், கடைசியில் எங்கோ ஓரத்தில் கடற்பாசி. துவர்ப்பு இருந்தது, ஆனால் அறுக்கவில்லை. புளிப்பு அப்படியே இருந்தது. அதுதான் இத்தனை வருடமும் ஒயினைக் கெடாமல் காத்திருக்கிறது. தங்கை மகன் இதை மறுபடி கேட்டு வாங்கினான். கருவாட்டு மணத்தோடு வந்த ஒரு துண்டு மீனுக்கு அது பொருந்தியது. சிவப்பு ஒயினும் மீனும் சேராது என்று சொல்கிறவர்கள் இந்தக் கரைக்கு வந்ததில்லை.

எனக்குப் பட்டது இதுதான். கடலோரத்து ஒயின் ருசியில் கடலுக்குச் சேர வேண்டிய பங்கு புளிப்பும் துவர்ப்பும். அந்தக் கடற்பாசி மணத்தைக்கூட நான் கடல் கணக்கில் எழுத மாட்டேன். பழசானால் பல ஊர் ஒயின்களில் அப்படி வரும். மனிதன் கணக்கில் எழுத வேண்டியது காத்திருப்பு. கடல் கொடுத்ததைக் கெடுக்காமல் பத்து வருடம் சும்மா இருப்பதற்கும் ஒரு தொழில் தேர்ச்சி வேண்டும், கடன்காரர்கள் வாசலில் நிற்காமலும் இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் கஷ்டம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கொலாரிஷ் தோட்டங்கள் இன்று சில பத்து ஹெக்டேராகச் சுருங்கிவிட்டன. காரணம் பூச்சியோ காற்றோ இல்லை. லிஸ்பன்காரர்களுக்குக் கடல் பார்த்த வீடு வேண்டும். மணலில் குனிந்து வேலை செய்து கிடைக்கும் காசுக்கும் மனை விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நாங்கள் நடந்த வழியிலேயே ஒரு பக்கம் நாணல் படல், மறுபக்கம் நீச்சல் குளத்தோடு புது வீடு.

ஆனாலும் முற்றிலும் முடிந்துபோகவில்லை. அல்முசஜெம் ஊரில் 1808இல் தொடங்கிய வியூவா கோமெஷ் நிறுவனம் இன்னும் ஒயின் விற்கிறது. காபோ த ரோகாவுக்குப் பக்கத்துக் காஸால் சாந்தா மரியா பண்ணையில் போடோ ஃபான் ப்ரூமர் என்ற பிரபு தொண்ணூறு வயதைக் கடந்தபின் திராட்சை நட்டார். நூறைத் தாண்டி வாழ்ந்து, தான் நட்டதன் ஒயினைக் குடித்துவிட்டே 2016இல் போய்ச் சேர்ந்தார். பத்து வருடம் காத்திருக்க வேண்டிய பயிரை அந்த வயதில் நடத் துணிகிற ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சமீப வருடங்களில் இளைஞர்கள் சிலரும் புதிதாகப் பள்ளம் வெட்டிக் கொடி ஊன்றுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். லிஸ்பனின் ரோஸியு நிலையத்திலிருந்து சிந்த்ராவுக்கு ரயில் உண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரை டிராம் எல்லா நாளும் எல்லாப் பருவமும் ஓடுவதில்லை, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கொடிகளைப் பார்க்க ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் நல்ல காலம். படலைத் தாண்டும் முன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர் திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர்வரை மதுவை இந்தியச் சுங்கம் தீர்வையில்லாமல் விடுகிறது. கூட்டுறவுக் கூடத்தின் 'அரேனே' ரமிஷ்கோ 500 மில்லி பாட்டிலில் வருவதால் நான்கு பாட்டில் கணக்குத் தீர்ந்துவிடும். பழைய வருடத்ததாகக் கேட்டு வாங்குங்கள். இளசுதான் கிடைத்தது என்றால் வாங்கி வந்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துவிட்டு, ஐந்தாறு வருடத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.